சிதம்பரம் போனவள்

மார்ச் 9, ஞாயிறு

சிவ சிவ. குளிர்காலம் கழிந்து இன்றுதான் தோட்டத்துக்குப் போனேன்.

ரயில் பாதைக்கும் பாடசாலை மதிலுக்கும் இடையில் கிடக்கும் நகரசபை நிலம் அது. நீள நீளத் துண்டுகளாக வகுத்து, கேட்டவர்களுக்குப் பயிரிடக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டார் அலொட்மென்ட் என்பார்கள். எங்கள் வீட்டில் ‘துண்டு’ என்றால் விளங்கும். துண்டு தையல்நாயகியின் பெயரில் உள்ளது. கொத்தியதும் விதைத்ததும் அவளே. நான் மடக்கு நாற்காலியை வெயில் படும் பக்கத்தில் போட்டுக்கொண்டு பழைய உரைகளைப் படித்துக்கொண்டிருப்பேன். வெயில் நகர நாற்காலியும் நகரும். என் உழைப்பு அவ்வளவே.

தைப்பொங்கல் கழிந்த கிழமையில் அவள் இறைவனடி சேர்ந்தாள். மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து கிரியைகளைச் செய்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் திரும்பிவிட்டான். பனிக்காலத்தில் தோட்டத்துக்கு எவரும் வருவதில்லை. ஆகவே அங்கே எவருக்கும் தெரியாது.

கார்த்திகையில் அவள் நட்ட உள்ளிப்பூண்டு விரல் நீளத்துக்கு முளைத்து நிற்கிறது. நீர் ஊற்றியவர் இல்லை, பார்த்தவர் இல்லை. அதன் பாட்டில் வளர்ந்திருக்கிறது.

வாசலில் பெவர்லி நின்றார். தோட்டச் சங்கத்தின் செயலாளரான அம்மையார். சாவியும் சட்டமும் அவர் கையில். முன்பு பஸ் ஓட்டியவராதலால் இன்றும் எதிரே வருபவர்தாம் ஒதுங்கவேண்டும் என்ற தோரணையில் நடப்பார். தையல்நாயகி என்ற பெயர் அவர் வாயில் ‘தாயா’ என்றும், சோமாஸ்கந்தன் என்ற என் பெயர் ‘சோமா’ என்றும் குறுகிப் பல ஆண்டாயிற்று.

“தாயா எங்கே?” என்றார்.

எங்கள் குடியில் மதிப்புக்குரிய ஒருவரைப் பற்றி அந்தப் பச்சைச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. மரண அறிவித்தலிலும் இறைவனடி என்றே அச்சிட்டோம். அதையே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். “அவள் சிவபெருமானின் பாதங்களை அடைந்துவிட்டாள்.”

பெவர்லியின் முகம் மலர்ந்தது. “ஒருவழியாகப் போய்விட்டாளா! மிக நல்லது. எத்தனை நாளாக ஆசைப்பட்டாள்!” என்று என் தோளில் ஓங்கித் தட்டினார்.

துக்கம் விசாரிப்பதில் இவர்களுக்கு இப்படியும் ஒரு முறை உண்டுபோலும் என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். தட்டிய இடம் இன்னும் நோகிறது.


மார்ச் 16, ஞாயிறு

பக்கத்துத் துண்டுக்காரர் கிரஹம். ஒரு காது கேளாது. மற்றக் காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும். தேநீர்க் குடுவையோடு வந்து என் எதிரில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அங்கே இப்போது நல்ல வெயிலா? எப்போது திரும்புகிறாள்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சிதம்பரத்தை ஒருமுறை கண்ணால் காணவேண்டும் என்று தையல்நாயகி இவர்களிடம் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறாள். நான் சொன்ன வாக்கியத்தைப் பெவர்லி அப்படியே பொருள் கொண்டு, தாயா இந்தியாவுக்குத் தன் கோயிலைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று தோட்டம் முழுவதும் சொல்லிவிட்டார்.

திருத்துவதற்காக வாய் திறந்தேன். அதற்குள் கிரஹம் எனக்குத் தேநீர் ஊற்றத் தொடங்கி, கோப்பை நிறையும்போது தாமே “காணும், காணும்” என்றார். தமிழில். போதும் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘காணும்’. ஒலி சிறிதும் பிசகவில்லை.

“யார் கற்பித்தது?”

“தாயாதான். இன்னும் பத்துச் சொல் தெரியும். உன் எதிரில் பேசக்கூடாது என்று கட்டளை. நீ பிழை திருத்துவாயாமே!” என்று சிரித்தார்.

அவள் என்னிடம் சொல்லவேயில்லை. நான் திருத்தியிருப்பேன் என்பதும் உண்மைதான்.

தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பொதுக் கொட்டிலின் சுவரில் சங்கத்தின் விதிகள் ஒட்டியிருக்கின்றன. துண்டு யார் பெயரில் உள்ளதோ அவர் காலமானால், அது காத்திருப்போரில் முதல்வருக்குப் போகும். கணவன், மனைவி, மக்கள் எவருக்கும் உரிமை இல்லை. உள்ளே போகும்போதே அதை வாசித்திருந்தேன். அதற்காக நான் வாய் திறவாமல் வந்தேன் என்று கொள்ளவேண்டாம். நான் பொய்யும் சொல்லவில்லை. ஒரு மெய்யைச் சொன்னேன். கேட்டவர் வேறாகக் கொண்டார்.


மார்ச் 22, சனி

பொதுவேலை நாள். எல்லாரும் சேர்ந்து தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி, நடுப்பாதையில் மரச்சீவலைப் பரப்பினோம். என் கையில் கொப்புளம். மத்தியானம் பார்த்தால், கிரஹமும் வேறு இருவரும் தையல்நாயகியின் துண்டைக் கொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

“தாயா வந்து இந்தக் கோலத்தைக் கண்டால் உன்னை மட்டுமல்ல, என்னையும் ஏசுவாள்” என்றார் கிரஹம்.

“ஏசுவாளா?”

“ஏசுவாளாவா? போன கோடையில் என் போஞ்சிக் கொடி படர நான் நட்ட தடிகளைப் பார்த்துவிட்டு, இது போஞ்சிக்கா அல்லது உன் பாடைக்கா என்று கேட்டாள்!”

நான் அறிந்த தையல்நாயகி உரக்கச் சிரித்ததில்லை. வீட்டில் நான் படித்துக்கொண்டிருக்கும்போது பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைப்பாள். இங்கே ஒருத்தி இந்த மனிதர்களைப் பகிடி பண்ணிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஏசுவாள், கேட்பாள், வருவாள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, வேலை முடிந்த பின்பும் நான் நெடுநேரம் அங்கே இருந்தேன். களைப்பினால்.

பழைய அகப்பாட்டுகளில் பிரிந்து போகிறவன் எப்போதும் தலைவன். வீட்டில் இருந்து நாளை எண்ணுகிறவள் தலைவி. பெண் பிரிந்துபோய் ஆண் காத்திருக்க இலக்கணத்தில் துறை இல்லை. இந்தத் தோட்டத்தார் இலக்கணம் அறியாதவர்கள்.


மார்ச் 30, ஞாயிறு

இன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். நான் தள்ளவில்லை.


ஏப்ரல் 5, சனி

வாசலருகே சிறிய பொதுப் பாத்தி ஒன்று உண்டு. துண்டு கிடைக்கும்வரை காத்திருப்பவர்கள் விரும்பினால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். இன்று அங்கே ஒரு தமிழ்ப் பெண் குந்தியிருந்து களை பிடுங்கினாள். பெவர்லி கூட்டிவந்து அறிமுகம் செய்தார்: “தேவமலர். அடுத்த துண்டு காலியானால் இவளுக்குத்தான். உங்கள் பாஷைக்காரி.”

நாற்பது வயது மதிக்கலாம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை.

“ஐயா படிப்பிச்சனீங்களாம் எண்டு பெவர்லி சொன்னவ. அப்ப மாஸ்ரர் எண்டே கூப்பிடுறன். நான் வட்டுக்கோட்டை. இஞ்சை நாலாம் மாடியிலை இருக்கிறம். பூச்சாடிக்குத் தண்ணி விட்டாலும் கீழ்வீட்டுக்காறி மேலை பாத்துக் கத்துவள். ரெண்டு வருசமாத் துண்டுக்குக் காத்திருக்கிறன். கோயில், சங்கம் எண்டு போக எங்கை நேரம்? எங்கடை சனம் ஒருத்தரையும் தெரியாது.”

“நல்லது, பிள்ளை.”

“அம்மா யாத்திரை போட்டாவாம். எந்தக் கோயிலுக்கு மாஸ்ரர்?”

பெவர்லிக்குச் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லலாம் என்று தொடங்கினேன். “அவ இறைவன்ரை...” என்றதோடு நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் அந்தத் தொடருக்கு இரண்டு வாசல் இருந்தது. தமிழில் ஒன்றுதான்.

“சிதம்பரம்” என்றேன்.

“உங்களை இஞ்சை விட்டிட்டுத் தனியவோ? வலு கெட்டிக்காறி! அப்ப சாப்பாடு?”

“நானே சமைக்கிறன்.”

“ஆம்பிளையள் சமைக்கிறம் எண்டு சொன்னா வீட்டிலை பாணும் சம்பலும்தான்” என்று சொல்லிவிட்டு, களையை என் காலடியிலேயே வீசினாள்.

இதை எழுதுவதற்குமுன் திருநீறு அணிந்து பதிகம் ஓத உட்கார்ந்தேன். நாலாவது பாட்டில் அடி மறந்தது. அறுபது வருடமாக மறவாத அடி.


ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. ஆட்டைத் திவசம், அதாவது முதலாண்டுச் சிராத்தம் முடியும்வரை எங்கள் வீட்டில் வருடப் பிறப்பு இல்லை. உள்ளிக்கு நீர் விடலாம் என்று போனேன். தேவமலர் வந்து ஒரு பாத்திரத்தில் சர்க்கரைப் புக்கை தந்தாள், வருடப் பிறப்புப் பொங்கல்.

“அம்மா நிண்டிருந்தா நீங்கள் எனக்குத் தரவேணும். இல்லாததாலை நான் உங்களுக்கு. வந்தாப்பிறகு கணக்குத் தீர்ப்பம்.”

அவள் அறியாமல் தந்தாள். நான் அறிந்து வாங்கினேன். முந்திரிப் பருப்பை முதலில் பொறுக்கித் தின்றேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.


ஏப்ரல் 20, ஞாயிறு

மழை. போகவில்லை. போனால் யாராவது அவளைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்.


ஏப்ரல் 26, சனி

தேவமலர் இன்று பகிடி பேசவில்லை. பொதுப் பாத்தியில் கீரை விதைத்துவிட்டுக் கையையும் கழுவாமல் என்னிடம் வந்தாள்.

“மாஸ்ரர், ஒண்டு கேப்பன். மாட்டன் எண்டு சொல்லக் கூடாது.”

“சொல்லு, பிள்ளை.”

“எங்கடை இவருக்கு வாற மாசம் ஏழாம் தேதி நெஞ்சைத் திறக்கினம். மூண்டு குழாய் அடைப்பாம். டொக்டர் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொல்லுறார். ஆனா ஒரு பேப்பரைத் தந்து, ஏதும் நடந்தா எண்டு கையெழுத்து வாங்கினவர். அந்தாள் வெளியிலை காட்டேல்லை. இரவிலை நித்திரை இல்லை எண்டு மகள் சொல்லுறாள்.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆண்டவன் இருக்கிறான் என்றவாறு ஏதோ சொல்லியிருப்பேன்.

“ஓம், ஆண்டவன் இருக்கிறார். அம்மாவும் அவற்றை சந்நிதியிலையே நிக்கிறா. அதுதான் கேக்கிறன். அவ தன்ரை வாயாலை இவற்றை பேர் நட்சத்திரம் சொல்லி ஒரு அர்ச்சனை செய்விக்கட்டும். எனக்கு அது காணும். தர்மகுலன். திருவோணம். போனிலை சொல்லுவியளே?”

“சொல்லுவன்” என்றேன்.

என் வாய் தன்பாட்டில் சொன்னது என்று இங்கே எழுதலாம். எழுதமாட்டேன். நான்தான் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்தபோது கையிலிருந்த மண் முகத்தில் அப்பிக்கொண்டது. “இப்பதான் மாஸ்ரர் எனக்கு மூச்சு வருது” என்றாள்.


ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். குருக்கள் என்னைக் கண்டு ஓரமாக அழைத்தார். அந்தியேட்டிக்கு வந்தவர் அவரே.

“மாஸ்ரர், ஆட்டைத் திவசம் முடியட்டுமே. கும்பிட வாங்கோ, வேண்டாம் எண்டு சொல்லேல்லை. நீங்கள் தட்டுக் குடுக்கிறதுதான் வழக்கமில்லை. உங்களுக்குத் தெரியாததோ?”

“எனக்கில்லை. வேறொரு ஆளுக்கு. தர்மகுலன், திருவோணம். நெஞ்சிலை சத்திரசிகிச்சை.”

“பெண்சாதி இருக்கிறாவோ?”

“இருக்கிறா. அவதான் கேட்டவ.”

“அப்ப அந்தப் பிள்ளையையே வரச் சொல்லுங்கோ. தாலி கட்டினவ தன்ரை புருசனுக்காகக் கேட்க, நடுவிலை ஆள் எதுக்கு?”

தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். காலணி வைக்கும் இடத்தில் உள்ள வாங்குப் பலகையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கனநேரம் பிடித்தது. ஏழாம் தேதிக்கு முன் அவள் தானே வந்து அர்ச்சனை செய்யவேண்டும். அதற்கு, சிதம்பரத்தில் எவரும் நிற்கவில்லை என்பதை அவள் அறியவேண்டும். அறிந்தால் மறுநாள் பெவர்லி அறிவார். பெவர்லி அறிந்தால் துண்டு போகும்.

துண்டு போனால் என்ன? எனக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியாது. இதையும் பஸ்ஸில் இருந்து எண்ணிப் பார்த்தேன். துண்டு போனால், அவள் எப்போது திரும்புகிறாள் என்று கிரஹம் என்னிடம் கேட்கமாட்டார்.


மே 1, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பொதுப் பாத்தியில் தனியாக நின்றாள். கீரை முளைத்திருந்தது. அடர்ந்த இடத்தில் நாற்றைப் பிடுங்கி வெற்றிடத்தில் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, அந்த அர்ச்சனை நடக்கேல்லை.”

“ஏன், அம்மாவுக்குச் சுகமில்லையோ?”

“அவ சிதம்பரத்திலை இல்லை.”

“அப்ப எங்கை?”

“தை மாசமே இறைவனடி சேர்ந்திட்டா.”

அவள் நிமிரவில்லை. கையில் இருந்த நாற்றை ஊன்றி, சுற்றிவர மண்ணை அழுத்தினாள். பிறகுதான் எழுந்தாள்.

“செத்த ஆளிட்டையோ நான் அவருக்கு உயிர் கேட்டனான்?”

“பிள்ளை...”

“நேத்தும் அவருக்குச் சொன்னனான், மாஸ்ரர். பயப்பிடாதேங்கோ, சிதம்பரத்திலை ஒரு மனிசி உங்கடை பேரைச் சொல்லிக்கொண்டு நிக்கிறா எண்டு. அண்டைக்கிருந்துதான் அந்தாள் நித்திரை கொள்ளுது. இனி நான் போய் என்னத்தைச் சொல்ல? சொல்லுங்கோவன், படிச்ச ஆள்தானே?”

“குருக்கள் உம்மையே வரச் சொன்னவர். தாலி கட்டினவவின்ரை வாயாலை கேட்டாக் காணுமாம்.”

“அதை எனக்குச் சொல்ல நீங்கள் ஆர்? சிதம்பரம் எண்ட சொல் உங்கடை வாயிலை எப்பிடி வந்தது?” தையல்நாயகியின் துண்டின் பக்கம் கையை நீட்டினாள். “உந்த மண்ணுக்கோ? நான் அடுத்த ஆள் எண்டோ?”

“இல்லை.”

“பின்னை என்னத்துக்கு?”

அவள் காத்துப் பார்த்துவிட்டு, மண்வெட்டியைப் பாத்தியில் குத்தியபடியே விட்டுவிட்டுப் போனாள்.


மே 4, ஞாயிறு

தேவமலர் வரவில்லை. மண்வெட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. பெவர்லி என்னைக் கடந்து போகும்போதெல்லாம் இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். அவர் கேட்டதெல்லாம், உள்ளியை எப்போது கிளறி எடுப்பது என்று தாயா ஏதும் சொன்னாளா என்பதே.

ஒரு வார்த்தை சொன்னால் துண்டு தேவமலருக்குக் கிடைக்கும். அவளிடம் பெவர்லியின் தொலைபேசி எண் இருக்கிறது. அவள் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஏசியிருந்தால் இவ்வளவு களைப்பாயிராது.


மே 7, புதன்

இன்று சத்திரசிகிச்சை. காலை முதல் ஒன்றும் உண்ணவில்லை. பதிகம் ஓதத் துணிவு வரவில்லை. சுவாமிப் படத்தின் முன் நின்று பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னேன். தட்டு இல்லை, தேங்காய் இல்லை. வழக்கத்துக்கு மாறா என்று எவரையும் கேட்கவில்லை.


மே 8, வியாழன்

பெவர்லி தொலைபேசியில் சொன்னார். தேவமலரின் கணவர் கண் விழித்துவிட்டார். நாளையோ மறுநாளோ நடக்கவைப்பார்களாம். “அவளுக்கு உன் எண் தெரியாதா? உன்னிடம் சொல்லச் சொன்னாள்” என்றார்.

என் எண் அவளுக்குத் தெரியும்.


மே 10, சனி

மறுபடியும் பொதுவேலை நாள். கூட்டெருப் பெட்டிகளைக் கிளறி முடித்து எல்லாரும் கொட்டிலுக்குள் தேநீருக்குக் கூடினோம். பெவர்லி ஒரு வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். தர்மகுலன் விரைவில் நலம் பெறுக என்று தோட்டத்தார் எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

“உனக்கு இடம் விட்டிருக்கிறேன், சோமா. தாயாவுக்கு நானே எழுதிவிட்டேன். ஊரில் இல்லாவிட்டால் என்ன, அவளும் நம் ஆள்தானே.”

பெவர்லியின் பெரிய எழுத்தில் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தார். அந்த அட்டை ஆசுபத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் அந்த மனிதனின் தலைமாட்டில் நிற்கும். தேவமலர் அதை ஒவ்வொரு நாளும் காண்பாள்.

“இந்தப் பெயர் இதில் இருக்கக்கூடாது” என்றேன்.

“ஏன்?”

“அவள் செத்துப்போனாள்.”

ஆங்கிலத்தில் அது மிகச் சிறிய சொல். என் வாயில் அது அதுவரை வந்ததில்லை. சொல்லி முடித்த பின்பும் உதடு மூடவில்லை.

கிரஹத்துக்குக் கேட்கவில்லை. “என்ன சொல்கிறான்?” என்று பெவர்லியைக் கேட்டார். பெவர்லி அவருடைய நல்ல காதில் சொன்னார். “எங்கே போனாள்?” என்றார் அவர். பெவர்லி மறுபடியும் உரக்கச் சொன்னார். கொட்டில் முழுவதும் அந்தச் சொல் எதிரொலித்தது.

கிரஹம் தொப்பியைக் கழற்றினார். வாளியில் உட்கார்ந்து, இன்று காலையில் வீட்டில் ஒருவரை இழந்தவர்போல அழுதார். மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

“எப்போது?” என்றார் பெவர்லி.

“தையில். ஜனவரியில்.”

“ஜனவரியிலா? நான் உன்னைக் கேட்டேனே! ஏன் சொல்லவில்லை?”

“சொன்னேன். சிவனின் பாதங்களை அடைந்தாள் என்று முதல்நாளே சொன்னேன்.”

பெவர்லி வாயைப் பொத்திக்கொண்டார். “நல்லது என்றேனே. கடவுளே! உன் தோளில் தட்டினேனே!”

“தட்டினீர்கள். ஆனால் நீங்கள் வேறாக எண்ணியிருக்கிறீர்கள் என்று அதற்கு அடுத்த கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு இருந்தேன். அது என் பிழை.”

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஒருவரும் வேலைக்குத் திரும்பவுமில்லை. யாரோ போய் ரியூலிப் பூக்களைக் கொய்துவந்து உள்ளிப் பாத்தியில் வைத்தார்கள். யாரோ மறுபடியும் நீரைக் கொதிக்கவைத்தார்கள். எனக்கு அவள் தையில் போனவள். இவர்களுக்கு இன்று போனாள். துக்கம் கேட்கிறவர்கள் ஒவ்வொருவராக என் பக்கத்தில் வந்து குந்தி, அவளைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். மழையில் குடை தந்ததை ஒருவர். தன் பூசணியைக் களவாடியதாகப் பகிடிக்குச் சண்டை பிடித்ததை இன்னொருவர். இவற்றில் ஒன்றையும் நான் முன்பு கேட்டதில்லை.

அந்தியேட்டியன்று மண்டபத்தில் நான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நினைவுமலரில் இருந்த எழுத்துப்பிழைகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். இன்று என் கண்ணாடியை மூன்று பேர் மாறி மாறித் துடைத்துத் தந்தார்கள்.

எப்போது தேவமலர் வந்தாள் என்று தெரியவில்லை. ஆசுபத்திரிக்குப் போகும் வழியில் மண்வெட்டியை எடுக்க வந்திருக்கிறாள். கொட்டில் வாசலில் நின்று எல்லாரையும் பார்த்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து, மூலையில் இருந்த சாக்கு மூட்டையில் உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

பெவர்லி சட்டத்தை மறப்பவர் அல்லர். சிறிது நேரம் விட்டு, தாழ்ந்த குரலில் தொடங்கினார். “சோமா, இதை இன்று சொல்ல எனக்கு மனமில்லை. துண்டு இனி...”

“தெரியும்” என்று சட்டைப்பையிலிருந்து வாசற்சாவியை எடுத்து, தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன். “அது தேவமலருக்கு உரியது.”

“இண்டைக்கு உந்தக் கதை வேண்டாம்” என்றாள் தேவமலர். தமிழில் சொன்னதைப் பெவர்லிக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். பெவர்லி அவளுக்குக் கீழ்ப்படிந்ததை இன்றுதான் கண்டேன். சாவி கோப்பைகளுக்கு நடுவிலேயே கிடந்தது.

வெயில் இறங்க ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். “நாளைக்குப் பார்ப்போம், சோமா” என்றார் கிரஹம். “நாளைக்கு வா, கட்டாயம் வா” என்று பெவர்லி என் கையை இறுகப் பிடித்தார். இவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. செத்தவீட்டிலிருந்து எழுகிறவர் சொல்லி விடைபெறக்கூடாது. வருகிறேன் என்ற சொல் அந்த வீட்டு வாசலில் ஆகாது. இருக்கிறவரும் ‘போட்டு வாங்கோ’, போய்விட்டு வாருங்கள், என்று வழியனுப்பக்கூடாது.

கடைசியாகத் தேவமலர் எழுந்தாள். மற்ற நாட்களில் பாதை முடியும்வரை “போட்டு வாறன் மாஸ்ரர், போட்டு வாறன்” என்று திரும்பித் திரும்பிச் சொல்கிறவள். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு குழாயடிக்குப் போய், முகத்தையும் கையையும் காலையும் கழுவினாள். பொதுப் பாத்தியில் நின்ற மண்வெட்டியை எடுத்தாள். என்னை நேரே ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் நடந்தாள்.

கோபம் ஆறாமல் பேசாது போனாளோ, முறை தெரிந்து பேசாது போனாளோ, நான் அறியேன். நான் எழுந்து நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.